பதினோராவது பெயருக்குப் பிறகு

ட்ருகனினா
மெல்பேர்ண், 02.03.2025

அனோ பிள்ளை,

உறையில என்ர கையெழுத்தைக் கண்டிட்டுப் பயந்திடாதே. ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. நான் சுகமாய்த்தான் இருக்கிறன். காலமையில முழங்கால் மட்டும் எனக்குப் பிறகு பத்து நிமிசம் பிந்தி எழும்புது.

நீ ரெலிபோன் எடுக்கிறாய் இல்லை. வட்ஸ்அப்பில எழுதினா ஒரு சரியோட நிக்குது, மற்றச் சரி வருகுதில்லை. பள்ளிக்கூடத்திலயும் எனக்கு ஒரு சரிக்கு மேல விழுந்தது குறைவு, அதால முதல் ரெண்டு மாசம் நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை. பிறகு மருமகனிட்டைக் கேட்டன். முரளிதரன் பாவம், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமா, கடிதமாய் எழுதிப் பாருங்கோவன், கடிதத்தை அவ கிழிக்கமாட்டா" எண்டார். தபால் கந்தோரில நிண்ட பெட்டை பாஸ்போட்டுக்கோ எண்டு கேட்டுது. மகளுக்குக் கடிதம் எண்டன். என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டு முத்திரையைத் தானே ஒட்டித் தந்தது.

எட்டாம் வகுப்போட எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிரச்சினை தீர்ந்தது. அதுக்குப் பிறகு நான் ஓட்டின அடம்பன் சங்கத்து ட்ராக்டர்தான் எனக்கு யுனிவேசிற்றி. எழுத்துப் பிழையைக் கண்டா சிவப்பால சுழிக்காமல் வாசி.

வேலை அதே மண்டபத்திலதான், கோல்ஃபீல்ட் பக்கம். காலமை வெஸ்ற்கேற் பாலத்தில ஒரு மணித்தியாலம் ஊர்ந்து போறன். புதுச் சேட் தந்திருக்கினம், நெஞ்சில 'வசதிகள்' எண்டு இங்கிலீசில தைச்சிருக்கு. வசதி எண்டால் கதிரை அடுக்கிறது, கக்கூஸ் கழுவிறது, குசினியில கேத்தில் கொதிக்குதோ எண்டு பாக்கிறது. அம்மா இருந்திருந்தா, வீட்டில எடுக்காத விளக்குமாறை அங்க எடுக்கிறீங்களோ எண்டு கேட்டிருப்பா.

சரி, சுத்தி வளைக்காமல் விசயத்துக்கு வாறன். மே பதினெட்டு வருகுது. நீங்கள் சிட்னியில முள்ளிவாய்க்கால் நினைவுக்குப் பேர் வாசிப்பீங்கள். போன வருசம் நடந்தது நடந்து போச்சு. இந்த முறையும் சுஜீயின்ர பேரைக் குடுத்திடாதே. வட்டுவாகலில ஆமி அவனை பஸ்ஸில ஏத்தினதை நீயும் கண்டாய், நானும் கண்டனான். அதுக்குப் பிறகு பதினாறு வருசமா அவன் செத்தான் எண்டு எனக்கு ஒரு கடதாசி வந்ததில்லை. உன்ர அண்ணன் வருவான். வாற நேரம், என்ர பேரை எதுக்கு வாசிச்சனீங்கள் எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?

பதில் போடு. திட்டியாவது போடு.

அப்பா


துங்காபி
சிட்னி, 16.03.2025

அப்பா,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதற்காக உங்கள் மருமகனைப் பாராட்ட வேண்டாம்.

"நடந்தது நடந்து போச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் மெல்பேர்ணில் இருந்தீர்கள். நான் சொல்கிறேன்.

பெண்டில்ஹில் மண்டபத்தில் இருநூறு பேர் நின்றோம். அகரவரிசையில் வாசித்தார்கள். அவரவர் வீட்டுப் பெயர் வரும்போது அவரவர் மெழுகுதிரியைக் கொளுத்த வேண்டும். கேதீஸ்வரன் என்று வாசித்தார்கள். அடுத்தது அண்ணா, கொட்பிறி சுஜீதன் என்று வர வேண்டும். நான் நெருப்புக்குச்சியைத் தட்டிப் பற்றவைத்தேன். சகாயநாதன் என்று வாசித்தார்கள். பக்கத்தில் நின்றவர் தன்னுடைய திரியைக் கொளுத்தினார். என்னுடைய குச்சி விரல் வரைக்கும் எரிந்தது. யாரோ தவறுதலாகத் தாண்டிவிட்டார்கள், திரும்ப வந்து வாசிப்பார்கள் என்று கடைசிப் பெயர் வரைக்கும் திரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் பட்டியலை வைத்திருக்கிற யோகா அக்கா வந்து, "அப்பா காலமை போன் எடுத்து பேரை வெட்டச் சொன்னவர், உனக்குச் சொல்லேல்லையோ?" என்று கேட்டா.

அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது அந்த ஒரு விசயம்தான். அவனுடைய பெயரை வாசிக்கக் கொடு என்றா. நான் ஓம் என்று சொன்னேன்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். போன வருசத்துக்குப் பிறகு, உயிரோடு இருக்கிற தாய் அல்லது தகப்பனுடைய கையெழுத்து வேண்டும் என்று குழு முடிவெடுத்திருக்கிறது. உங்களுக்காகவே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் செத்தவர்களுக்கு மட்டுமானதும் இல்லை. பெயர், வயது, கடைசியாக நின்ற இடம், என்ன நடந்தது என்று நாலு கேள்வி. நாலையும் நான் நிரப்பிவிட்டேன். நாலாவதற்கு 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று எழுதியிருக்கிறேன். கீழே நீங்கள் கையெழுத்து வைத்தால் போதும். மே ஒன்பதாம் திகதிக்கு முன் என் கைக்கு வர வேண்டும்.

அவன் வருவான் என்று இனி எனக்கு எழுத வேண்டாம். அவனுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இப்ப இத்தனை வயது என்று சொல்லிக்கொண்டு வந்தீர்கள். முப்பதோடு நிப்பாட்டிவிட்டீர்கள். நான் கவனித்தேன், அம்மாவும் கவனித்தா.

உண்மையான காரணம் இருந்தால் அதை எழுதுங்கள்.

அனோஜினி


ட்ருகனினா
06.04.2025

அனோ பிள்ளை,

உன்ர கடிதத்தை வாசிச்சிட்டு ரெண்டு கிழமை பதில் எழுத ஏலாமல் இருந்தது. நெருப்புக்குச்சி விசயம் எனக்குத் தெரியாது. விரல் சுட்டதோ?

படிவம் கிடைச்சது. மாதா படத்துக்குக் கீழ வைச்சிருக்கிறன்.

மண்டபத்தில இப்ப ஒரு நினைவு நாளுக்குப் பெரிய அடுக்கு ஆயத்தம் நடக்குது. அங்க வாற கிழடுகள் (நானும் கிழடுதான், சம்பளம் வாங்கிற கிழடு) முக்கால்வாசிப் பேர் யூத ஆக்கள். ஹிட்லரின்ர ஆக்கள் அங்க ஐரோப்பாவில கொலை செய்யேக்க தப்பி, கப்பலில வந்து இந்தத் தெருக்களில குடியேறினவையும் அவையின்ர பிள்ளைகளும். வருசம் ஒருக்கா, செத்துப்போன சொந்தங்களின்ர பேரை வாசிக்கினம். உலகத்திலயுள்ள எல்லாரையும் இல்லை. இந்தச் சுத்துவட்டாரத்தில ஒரு வீட்டில ஆரோ ஒருத்தர் கேட்டுக் குடுத்த பேர்கள் மட்டும். அறுநூற்றுச் சொச்சம்.

அந்தப் பேரெல்லாம் ஒரு மனிசியின்ர பொறுப்பு. மிஸ்ஸிஸ் ஸில்பர் எண்டு பேர். சண்டை முடிஞ்ச அடுத்த வருசம் ஜேர்மனியில அகதி முகாமில பிறந்தவ. அவவின்ர தாய் அந்தக் காலத்தில வீடு வீடாப் போய், ஒரு பேருக்கு ஒரு அட்டை எண்டு எழுதுவிச்சு வைச்சதாம். இப்ப இவ வைச்சிருக்கிறா. ஒரு வயது தெரியாட்டி 'தெரியாது' எண்டுதான் போடுவா. குத்துமதிப்பா எழுதினால் அவவுக்கு முகம் மாறும்.

நான் நல்ல பேர் எடுக்கப் போய் ஒரு கூத்துச் செய்தனான். நினைவு நாள்தானே எண்டு ஒரு வாளி நிறைய வெள்ளைச் செவ்வந்தியும், பேருக்கு ஒண்டெண்டு பெரிய பெட்டியில மெழுகுதிரியும் வாங்கிக்கொண்டு போனன். அவ பாத்தா. பூ வைக்கிற வழக்கம் தங்களுக்கு இல்லை எண்டா. மெழுகுதிரி ஆறே ஆறுதான், ஒரு திரி பத்து லட்சம் பேருக்கு எண்டா. நான் அந்த வாளியையும் தூக்கிக்கொண்டு, எங்கட அந்தோனியார் கோயில் கொடியேத்தத்துக்கு வழி தவறி வந்தவன் மாதிரி நிண்டன். பூவை வீட்டை கொண்டு வந்து அம்மாவின்ர படத்துக்கு வைச்சனான்.

அவவுக்கு ஒரு கவலை. பேரைக் கேட்டுக் குடுத்த ஆக்களே செத்துக்கொண்டு வருகினம். ஒரு வீட்டு அட்டைகளை ஒரு பக்கத்தில எழுதித்தான் வாசிக்கிறது. பிள்ளை குட்டி இல்லாதவையின்ர பக்கத்தை வாசிக்க ஆள் இல்லை. அந்தப் பக்கங்களை ஊரில இருக்கிற மற்றவைக்குப் பிரிச்சுக் குடுக்கிறா. மருந்துக் கடைக்காரருக்கு ஒண்டு, தபால்காரனுக்கு ஒண்டு. போன செவ்வாய் எனக்கும் ஒண்டு தந்தா. பகிடி இல்லை, உண்மையா.

கோர்மன் எண்டு ஒரு தையல்காரர். மண்டபத்துக்குப் பின் தெருவில தனிய இருந்து எண்பத்தேழாம் வருசம் செத்தவர். திரும்பக் கலியாணம் கட்டேல்லை. பெண்சாதி, பிள்ளைகள், தாய் தகப்பன், தம்பிமார் எண்டு பதினொரு அட்டையை அவரே தன்ர கையால எழுதிக் குடுத்திருக்கிறார். றிவ்கா கோர்மன், முப்பத்திநாலு. லைபெல் கோர்மன், ஒன்பது. ஹின்டா கோர்மன், ஆறு. இப்பிடிப் போகுது. கடைசி அட்டையில பேர் இல்லை. 'பெயர் வைக்கப்படாத குழந்தை, ஆறு நாள்' எண்டு இருக்கு. இதை எப்பிடி வாசிக்கிறது எண்டு கேட்டன். இருக்கிற மாதிரி எண்டா.

இங்கிலீசில பாத்து வாசிச்சா எனக்கு நாக்குச் சுளுக்கும். தமிழில எழுதி வைச்சு, காரில பாலத்தில நிக்கேக்க சொல்லிப் பழகிறன். பக்கத்துக் காரில இருக்கிறவன், நான் ஆரோ பதினொரு பேரோட சண்டை பிடிக்கிறன் எண்டு நினைக்கிறான்.

ஏப்ரல் இருபத்திநாலு, வியாழக்கிழமை. உன்ர கலியாணத்துக்குத் தைச்ச கோட்டைப் போடப்போறன். பொத்தான் பூட்டுப்பட்டால்.

அப்பா


துங்காபி
14.04.2025

அப்பா,

தையல்காரரைப் பற்றி ஒரு பக்கம். பூ வாளியைப் பற்றி அரைப் பக்கம். படிவத்தைப் பற்றி ஒரு வரி.

அந்த மனிதருக்காக எனக்கும் கவலைதான். ஆறு நாள் குழந்தை என்று வாசித்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் அவர் தன்னுடைய கையால் பதினொரு அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார், அப்பா. நீங்கள் ஒரு கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவருடைய பிள்ளைகளின் பெயரைக் காரில் இருந்து பாடமாக்குகிறீர்கள். உங்களுடைய பிள்ளையின் பெயரை வெட்டச் சொல்லி போன் எடுக்கிறீர்கள்.

காரணத்தை எழுதுங்கள் என்று கேட்டேன். பகிடி எழுதியிருக்கிறீர்கள். சின்ன வயதிலிருந்தே உங்களுடைய இந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். பங்கருக்குள் இருந்தும் பகிடி விட்டீர்கள். அப்போது அது எங்களுக்குத் தேவைப்பட்டது.

மே ஒன்பது. விரல் சுட்டது, கேட்டீர்களே.

அனோஜினி


ட்ருகனினா
27.04.2025

அனோ,

இந்தக் கடிதத்தில பகிடி குறைவு. வந்தா மன்னிச்சுக்கொள், அது இருமல் மாதிரித் தானா வாறது.

வியாழக்கிழமை நான் ஒரு பிழை விட்டிட்டன். சின்னப் பிழை இல்லை.

முதல்ல ஒண்டு சொல்லவேணும். அந்தப் பதினொரு பேரையும் தமிழில எழுதினனான் எண்டு சொன்னன் அல்லோ, எதில எழுதினனான் எண்டு சொல்லேல்லை. நீ அனுப்பின படிவத்தின்ர பின்பக்கத்தில. கையில அம்பிட்ட வெள்ளைத் தாள் அதுதான் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். பொய். மேசை லாச்சிக்குள்ள கட்டுக்கட்டாத் தாள் கிடக்கு. அந்தத் தாளை எடுத்துத் திருப்பினா முன்பக்கம் கண்ணில படாது. அதுக்காகத்தான்.

மண்டபம் நிறைஞ்ச சனம், முந்நூறு பேர் வரும். இப்ப வாசலில காவல், பை திறந்து பாத்துத்தான் விடுகினம். ஒவ்வொருத்தராப் போய் வாசிச்சுப்போட்டு இறங்கினம். கைதட்டு இல்லை, ஒண்டும் இல்லை. என்ர முறை வந்தது. கோட்டுப் பொத்தான் பூட்டுப்படேல்லை, கையால பிடிச்சுக்கொண்டு போனன். றிவ்கா, லைபெல், ஹின்டா எல்லாரையும் வாசிச்சன். பதினோராவதா அந்தக் குழந்தையை வாசிச்சன். ஆறு நாள் எண்டு சொல்லி முடிச்சன்.

முடிஞ்சுது எண்டு தாளை மடிக்கத் திருப்பினன். முன்பக்கத்தில உன்ர எழுத்து. வாய் நிக்கேல்லை, பிள்ளை. பேர், வயது எண்டு பதினொரு தரம் ஓடி வந்த வாய், அப்பிடியே ஓடிச்சுது. "கொட்பிறி சுஜீதன், பத்தொன்பது, வட்டுவாகல்." மைக்கில. தமிழில.

பின்னுக்கு ஒரு கிழவர் எழும்பி, அது ஆர், ஆரின்ர அட்டை எண்டு சத்தமாக் கேட்டார். நான் தாளை மடிச்சுக்கொண்டு இறங்கீட்டன். எனக்கு அடுத்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, அது பாவம், உடன ஏறித் தன்ர பக்கத்தை வாசிச்சுது.

முடிஞ்சாப் பிறகு மிஸ்ஸிஸ் ஸில்பர் என்னைக் குசினிக்குள்ள கூப்பிட்டா. அவ இங்கிலீசில சொன்னதை எனக்கு விளங்கின தமிழில எழுதுறன். கத்தேல்லை. கத்தியிருந்தா நல்லாயிருந்திருக்கும். இந்தப் பேர்களெல்லாம் பொய், ஒருத்தரும் சாகேல்லை எண்டு சொல்லித் திரியிற ஆக்கள் இருக்கினமாம். அறுநூறு அட்டையில ஒரு அட்டை பிழையா இருந்தாப் போதுமாம், மற்ற எல்லாத்தையும் அதை வைச்சுப் பொய்யாக்கிப்போடுவாங்களாம். அதுக்காகத் தாயும் தானும் அறுபது வருசம் ஒரு வயதைக்கூடக் குத்துமதிப்பா எழுதினதில்லை எண்டா. நான் அதுக்குள்ள போய் ஒரு பேரைச் செருகிப்போட்டன்.

அது ஆர் எண்டு கேட்டா. மகன் எண்டன். என்ன நடந்தது எண்டு கேட்டா. தெரியாது எண்டன். உங்கட ஆக்கள் பேர் வாசிக்கிற நாள் இருக்கோ எண்டா. இருக்கு எண்டன். அங்க அவனை ஆர் வாசிக்கிறது எண்டா. ஒருத்தரும் இல்லை, நான்தான் விடேல்லை எண்டன்.

அப்பதான் அவவுக்கு உண்மையிலயே கோபம் வந்தது.

"உன்ர மகனை வாசிக்க ஆள் இல்லாமல் வைச்சுக்கொண்டு, என்ர தையல்காரன்ர பிள்ளைகளை வாசிக்க வந்தனியோ?"

இங்கிலீசில நீ, நீங்கள் எண்டு வித்தியாசம் இல்லை. ஆனா அது 'நீ'தான்.

நீ காரணம் கேட்டனி. நான் உனக்குச் சொல்லாத ஒண்டு இருக்கு. இப்ப எழுதுறன், எழுதாட்டி இனி எழுதமாட்டன்.

வட்டுவாகல் பாலத்தடியில ஆமி ஸ்பீக்கரில சொன்னாங்கள் அல்லோ, இயக்கத்தில ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கோ, விசாரிச்சிட்டு விடுவம் எண்டு. சுஜீயை இயக்கம் பிடிச்சுக்கொண்டு போய் நாப்பத்தொரு நாள்தான் வைச்சிருந்தது. அவன் பதியமாட்டன், உங்களோடயே நடந்து வாறன் எண்டவன். நான்தான் பயந்தன். ஆரும் காட்டிக் குடுத்தா அடிச்சே சாக்காட்டிப்போடுவாங்கள், தானாப் போய்ச் சொன்னா விடுவாங்கள் எண்டு நினைச்சன். என்ர எட்டாம் வகுப்பு மூளை. நான் அவன்ர முதுகில கை வைச்சுத் தள்ளினனான். "போய்ப் பதிஞ்சிட்டு வா. நான் இதிலதான் நிப்பன்" எண்டன்.

நிண்டனான். பஸ் போனாப் பிறகும் நிண்டனான். பிறகு துவக்கால இடிச்சு எங்களை மற்ற பஸ்ஸில ஏத்தினாங்கள்.

அவனுக்கு நான் சொன்ன கடைசிச் சொல் அது. அந்தப் பேரை வாசிக்கக் குடுத்தா, நான் அந்த இடத்தை விட்டுப் போறன் எண்டு கருத்து. அவன் வருவான் எண்டு நான் நம்பேல்லை, நீ சொன்னது சரி. ஆனா நிக்கிறன் எண்டு சொன்னவன் நான்.

இவ்வளவுதான் காரணம்.

அப்பா


துங்காபி
01.05.2025

அப்பா,

கடிதத்தை வேலையில் வைத்து வாசித்தேன். லாப்பில் இரத்த மாதிரிக் குழாய்களுக்கு நடுவில். பிறகு ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கார் பார்க்கில் இருந்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது. அவனுடைய பெயரை முதன்முதலில் வாசித்தது நீங்கள், கேட்டது முன்பின் தெரியாத முந்நூறு பேர். நான் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறும் என்று பொய் எழுத மாட்டேன்.

ஆனால் நீங்கள் சொல்லாத விசயம் என்று எழுதினீர்களே, அது எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் நின்றேன் அப்பா. எனக்குப் பதினேழு வயது, காது நன்றாகக் கேட்கும். நீங்கள் தள்ளியதும் அண்ணா திரும்பி என்னைத்தான் பார்த்தான். நான் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நின்றிருப்பான். "அப்பா சொல்லுறார்தானே, போ" என்று சொன்னேன். தண்ணீர்ப் போத்தலையும் கொடுத்துவிட்டேன். அதை நான் இத்தனை வருசத்தில் ஒருவருக்கும் சொன்னதில்லை, முரளிக்கும் சொன்னதில்லை. நீங்கள் உங்களைக் குற்றவாளி என்று எழுதினால் எனக்கும் பக்கத்தில் ஒரு கதிரை போடுங்கள்.

அம்மாவுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் பெயரைக் கொடு என்று மட்டும்தான் சொன்னா என்று உங்களுக்கு எழுதினேன். முழுவதையும் எழுதவில்லை. அம்மா சொன்னது இதுதான்: "அவனுக்காகக் கேக்கேல்லை, அனோ. மனுசன் இன்னும் அந்தப் பாலத்தடியிலயே நிக்குது. பேரை வாசிச்சா, ஒருவேளை அதிலயிருந்து வருவார்."

பிறகு உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றா. பகிடி விடுவீர்கள் என்றா.

ஒன்பதாம் திகதி வெள்ளிக்கிழமை. பின்பக்கத்தில் பெயர்கள் இருந்தால் பரவாயில்லை. யோகா அக்காவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

அனோ


ட்ருகனினா
06.05.2025

அனோ பிள்ளை,

உன்ர கடிதம் நேற்றுத்தான் வந்தது. இதை விரைவுத் தபாலில போடுறன். அதே பெட்டைதான் நிக்கிறாள், இப்ப என்னைக் கண்டதும் முத்திரையை எடுக்கிறாள்.

தண்ணிப் போத்தல் நீ குடுத்தது எனக்குத் தெரியாது. பஸ் யன்னலுக்குள்ளால அவன் கையைத் தூக்கினது தெரியும். கையில ஏதோ இருந்தது. என்ன எண்டு பதினாறு வருசமா யோசிச்சனான். உனக்கு நான் கதிரை போடமாட்டன். உனக்குப் பதினேழு வயது, நீ தகப்பன் சொல்லைக் கேட்ட பிள்ளை. கதிரை அடுக்கிறது என்ர வேலை, ஆர் எதில இருக்கிறது எண்டு நான்தான் சொல்லுவன்.

அம்மா சொன்னதை வாசிச்சிட்டு வெளியில போய் நிண்டன். ஒரு பகிடியும் வரேல்லை. அவவுக்குச் சொல்லு எண்டு எழுத வந்தன், பிறகுதான் அவ இல்லை எண்டது நினைவு வந்தது.

நேற்று மண்டபத்துக் கொமிற்றி என்னைக் கூப்பிட்டது. வேலை போகப்போகுது எண்டு நினைச்சுச் சேட்டை நல்லாத் தோய்ச்சுப் போட்டுக்கொண்டு போனன். வேலை போகேல்லை. வாசிப்பை ரெக்கோட் பண்ணினவை, அதை நூலகத்துக்குக் குடுக்கப்போயினம். என்ர கடைசி வரியை வெட்டவேணும், அதுக்கு என்ர சம்மதம் வேணும் எண்டிச்சினம். அவையிலயும் பிழை இல்லை. ஓம் எண்டு கையெழுத்துப் போட்டன். மகன்ர பேருக்காக நான் வைச்ச முதல் கையெழுத்து, அதை வெட்டுறதுக்கு.

வெட்டினதைப் போட்டுக் காட்டிச்சினம். என்ர குரல், ஆறு நாள் எண்டு சொல்லுது. பிறகு ஒரு சின்ன இடம். மூச்சு விடுற அளவு இடம்தான். பிறகு அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையின்ர குரல் தொடங்குது. மற்ற ஆருக்கும் அதில ஒண்டும் கேக்காது. எனக்கு அந்த இடம் கேட்டது. திரும்பப் போடச் சொல்லிக் கேட்டன். போட்டினம். திரும்பவும் அந்த இடம்.

போன வருசம் மெழுகுதிரியோட நிண்டு நீ கேட்டது இதைத்தான். நான்தான் வெட்டுவிச்சனான். உன்னட்டை மன்னிப்புக் கேக்க எனக்கு எழுத்துத் தெரியேல்லை. எட்டாம் வகுப்புக்குள்ள அது படிப்பிக்கேல்லை.

வெளியில வரேக்க மிஸ்ஸிஸ் ஸில்பர் நிண்டா. எப்ப உங்கட நாள் எண்டு கேட்டா. பதினெட்டு எண்டன். அட்டையைச் சரியா நிரப்பு எண்டா. செத்தானோ இருக்கிறானோ எண்டு தெரியாதே எண்டன். "தெரிஞ்சதை எழுது. தெரிஞ்சது எவ்வளவோ அவ்வளவு. அதுக்கு மேல ஒரு சொல்லும் வேண்டாம், கீழயும் வேண்டாம்" எண்டா. பிறகு, அடுத்த வருசம் கோர்மன்ர பக்கம் உனக்குத்தான், ஆனா நான் தாற தாளில வாசிக்கவேணும் எண்டிட்டுப் போயிட்டா.

படிவம் இதுக்குள்ள இருக்கு. கையெழுத்து வைச்சிருக்கிறன். நீ எழுதினதில நாலாவதை மட்டும் வெட்டிப்போட்டு மாத்தினனான், கோவிக்காதே. 'காணாமல் ஆக்கப்பட்டவர்' எண்டது பிழை இல்லை, அது ஊரெல்லாம் எழுதிற சொல். ஆனா எனக்குத் தெரிஞ்சது அது இல்லை. என்ன நடந்தது எண்ட இடத்தில இப்பிடி எழுதியிருக்கிறன்:

தகப்பன் சொல்லிப் பஸ்ஸில் ஏறினவர். கையில் தங்கச்சி கொடுத்த தண்ணீர்ப் போத்தல். அதற்குப் பிறகு தெரியாது.

யோகா நீளம் எண்டு சொன்னா, வெட்ட விடாதே.

இதை நானே வாசிக்கப்போறன். வேற ஆரும் வாசிச்சா அது எனக்குக் காணாது. திரியை நீ கொளுத்து. முடிய நான் தாளைத் திருப்பினா, சட்டையில பிடிச்சு இழு, இல்லாட்டித் தையல்காரன்ர ஆக்கள் பதினொரு பேரும் பெண்டில்ஹில்லுக்கு வந்திடுவினம். வந்தாலும் காரியமில்லை எண்டு வை.

பதினேழாம் திகதி சனிக்கிழமை, பகல் ரயிலில வாறன். இரவு எட்டு மணி மட்டில சிட்னி சென்ட்ரலில இறங்குவன். பெரிய மணிக்கூட்டுக்குக் கீழ எண்டு மருமகன் சொல்லியிருக்கிறார். ரயில் பிந்தும், இந்த ரயில் பிந்தாமல் வந்ததில்லையாம்.

பிந்தினாலும் நீ அதிலதான் நிக்கவேணும்.

அப்பா